ராஜவேலுக்கு நான் போட்ட மார்க்

டிவியில் ராஜவேலின் பெயரை வாசித்தபோது நான் ஒரு வில்லங்கச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷின் மூடியைத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் போய்த் திரும்பியது. வெளியே வந்த தாளில் பாதிக்கு மேல் கறுப்பு.

"நம்ம ஊரு பையன்யா! கடலூர்க்காரன்யா!" என்று கத்தினார் வக்கீல் குமாஸ்தா தாமோதரன். சான்றிதழ் அவர் கொண்டுவந்ததுதான். அது கறுப்பாகிக் கிடப்பதை அவர் கவனிக்கவே இல்லை.

மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் என் கடையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. அன்று மதியம் அதற்குள் ஒன்பது பேர் இருந்தார்கள். கால்பந்து லீக்கில் டிராஃப்ட் நடந்துகொண்டிருந்தது. டிராஃப்ட் என்றால், ஆட்டக்காரர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அணிகள் முறை போட்டு ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுப்பது. ஒரு மேஜையில் நான்கு பேர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு பெயரைச் சொல்வார்கள். அதோடு ஒருவனுடைய வாழ்க்கை மாறிவிடும்.

நாங்கள் சென்னை அணியின் ரசிகர்கள். அணியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டைக்காரர்களில் நானும் ஒருவன் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

போன் அடித்தது. சிதம்பரத்திலிருந்து என் மச்சான் நடராஜ். என் மனைவி கீதாவின் தம்பி.

"மாமா! பாத்தீங்களா? கடைசி ரவுண்டுல நம்ம டீமே எடுத்துட்டானுங்க! உங்ககூட ஆடுனவன் மாமா! ஒடனே ஒரு போஸ்ட் போடுங்க. நீங்க எழுதுனாதான் எடுப்பா இருக்கும்."

"போடறேன் மச்சான்" என்றேன்.

வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தப் பெயர் அன்று வாசிக்கப்படக் கூடாது என்பதற்காக இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அதையும் மீறி வாசித்துவிட்டார்கள்.

"இன்னிக்கு கொஞ்சம் வெளிய ஒக்காரு"

நான் இடதுகால்காரன். சோறு தின்பதும் எழுதுவதும் வலது கைதான். ஆனால் பந்து என்றால் இடது கால். அதனால் லெஃப்ட் பேக் ஆனேன். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள். கோலியைக்கூட ஞாபகம் வைத்திருப்பார்கள். இடது ஓரத்தில் கோடு ஓரமாக ஓடி ஓடித் தடுத்துக்கொண்டிருப்பவனை, அவன் தப்பு செய்கிற அன்றைக்குத்தான் ஊர் திரும்பிப் பார்க்கும்.

எனக்கு அது போதுமாக இருந்தது. மாவட்ட அணியில் மூன்றாம் நம்பர் சட்டை பல வருஷம் என்னிடம்தான் இருந்தது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு சீசனில் டோர்னமென்ட் நடக்கும். காற்றில் வெல்லப்பாகு வாசனை இருக்கும். லோடு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நிற்க, கரும்பு மேல் உட்கார்ந்தபடியே ஆட்கள் ஆட்டம் பார்ப்பார்கள். "ஏய் மூணு! மூணாம் நம்பர், உடாத!" என்று கத்துவார்கள். என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. என் நம்பர் தெரியும்.

ராஜவேல் சோனாங்குப்பத்துக்காரன். கடலுக்குப் போகிற குடும்பம். என்னை விட ஆறேழு வயது சின்னவன். அணிக்கு வந்தபோது மாற்று ஆட்டக்காரன். பயிற்சியில் எனக்குப் பின்னாலேயே ஓடுவான். நான் எப்போது முன்னேறுகிறேன், எப்போது நிற்கிறேன் என்று பார்ப்பான். கேள்வி கேட்கமாட்டான்.

சிதம்பரத்தில் ஒரு காலேஜ் மைதானத்தில் ஆட்டம். சட்டைகளைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்த கோச், என்னிடம் வந்ததும் நின்றார்.

"பாஸ்கரு, இன்னிக்கு நீ கொஞ்சம் வெளிய ஒக்காரு."

மூன்றாம் நம்பர் சட்டை ராஜவேலிடம் போயிற்று. அவன் அதை உடனே போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

அவன் நன்றாக ஆடினான். மட்டமாக ஆடியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். நான் ஓடுகிற அதே கோட்டில், நான் நிற்கிற அதே இடத்தில், என்னை விட இரண்டு எட்டு வேகமாக ஓடினான். பெஞ்சில் உட்கார்ந்து என்னையே நான் பார்ப்பது போலிருந்தது, திருத்தி எழுதிய மாதிரி. கோச் சொன்ன அந்தக் 'கொஞ்சம்' முடியவே இல்லை.

திட்டக்குடி பஸ்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி நான் நல்லதாகச் சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே விஷயம் இது.

அதே வருஷம் திட்டக்குடியில் ஓர் ஆட்டம். ஜெயித்துவிட்டுத் திரும்புகிறோம். பஸ் ஏறும்போது ராஜவேல் என் தோளைப் பிடித்தான். இடது முழங்கால் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

"ண்ணா, யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா. கோச்சுக்குத் தெரிஞ்சா ஒக்கார வச்சிடுவாரு."

யார் போன பிறகு யாருக்கு இடம் கிடைக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவன் என்னிடம் போய் அதைக் கேட்டான்.

ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கித் துண்டில் சுற்றி, கடலூர் வரும் வரை அவன் முட்டியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் சொட்டி என் பேன்ட் நனைந்தது. கோச் முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். நான்கு எட்டு வைத்தால் சொல்லிவிடலாம். விருத்தாசலம் தாண்டும் வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

அடுத்த சீசனில் நானே ஒதுங்கிக்கொண்டேன். கடை வைத்தேன். கீதாவைக் கட்டினேன். ராஜவேல் சென்னைக்குப் போய் ஓர் ஆபீஸ் டீமில் ஆடினான். முட்டி அவ்வப்போது வீங்கும், குறிப்பாக மழைக் காலத்தில். அதையும் போனில் என்னிடம்தான் சொல்வான்.

கோல்போஸ்ட்

ஆடுவதை விட்ட பிறகு ரசிகனானேன். சிதம்பரம் மேலவீதியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சான்தான் 'கோல்போஸ்ட்' என்று ஒரு குரூப் ஆரம்பித்தான். முதலில் வாட்ஸப். பிறகு ஃபேஸ்புக் பக்கம். கடலூர், சிதம்பரம், பாண்டி வரை ஆட்கள்.

ரசிகர்களின் கருத்து என்பது ஒரு தனி உலகம். மச்சான் ஆட்டக்காரர்களை ஹைலைட்ஸ் வீடியோ பார்த்தே முடிவு செய்வான். "மாமா, இந்த மிசோரம் பையன் பாருங்க, நாலு பேர வெட்டிட்டுப் போறான்" என்பான். அந்த நான்கு பேரை வெட்டிய பிறகு பந்து எங்கே போனது என்று அந்த வீடியோவில் இருக்காது. தாமோதரன் உயரம் பார்ப்பார். ஆறடிக்குக் கீழே இருந்தால் அவருக்கு ஆட்டக்காரனே இல்லை. அணி தோற்றால் கோச்சை மாற்றச் சொல்வார்கள். ஜெயித்தால், அன்றே சொன்னோம் பார் என்பார்கள்.

நான் மட்டும் ஆடியவன். அதனால் என் பேச்சுக்கு மரியாதை ஜாஸ்தி. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பதினொரு பேருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். பக்கத்திலேயே ஒரு வரி காரணம். கோர்ட் தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி அதற்குக் காத்திருப்பார்கள். மூன்றாம் நம்பர் சட்டை போன பிறகு எனக்குக் கிடைத்த இடம் அது.

அந்த வருஷ டிராஃப்ட் பட்டியலில் ராஜவேலின் பெயர் இருந்தது. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. நம் அணி ராஜவேலைத்தான் எடுக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் எழுத வேண்டும் என்றான்.

நான் எழுதினேன். 'ஊர்ப் பாசம் வேறு, அணித் தேர்வு வேறு. நமக்கு வேண்டியது அனுபவமுள்ள லெஃப்ட் பேக். கேரளத்து ஆட்டக்காரர் ஒருவர் பட்டியலில் இருக்கிறார்.' எவ்வளவு நடுநிலை பாருங்கள் என்று குரூப்பில் எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டார்கள்.

அதோடு நின்றிருக்கலாம். அன்று கடையை மூடும் முன், கம்ப்யூட்டரில் ஒரு புதுக் கணக்கு தொடங்கினேன். பெயர் 'நேர்மை ரசிகன்'. சென்னை அணியின் பக்கத்துக்குப் போய், டிராஃப்ட் பற்றிய செய்தியின் கீழே மூன்று வரி எழுதினேன். 'ராஜவேலை எடுப்பதற்கு முன் இடது முழங்காலைப் பாருங்கள். பழைய காயம். மழைக் காலத்தில் வீங்கும். மறைக்கிறார்கள்.'

திட்டக்குடி பஸ்ஸில் சொல்லாததை அன்று சொல்லிவிட்டேன். சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று தெரிந்தே சொன்னேன். அந்த இடம் எனக்கு இனி வராது. அவனுக்கும் வரக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அந்த டிராஃப்ட், அந்தப் பச்சை வெளிச்சம், மச்சானின் போன். தாமோதரனுக்கு வேறு பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, 'எங்கள் ஊரின் பெருமை' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன்.

"பாஸா, ஃபெயிலா?"

சீசன் தொடங்கியது. ராஜவேல் முதல் நான்கு ஆட்டம் பெஞ்சில் இருந்தான். அந்த நான்கு வாரமும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் இறக்கினார்கள். அதன் பிறகு அவனை வெளியே எடுக்கவே இல்லை.

என் அணி ஜெயிக்க வேண்டும், அவன் சொதப்ப வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டு ஆட்டம் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவன் ஒரு பந்தைத் தடுத்தால் கூட இருப்பவர்களோடு சேர்ந்து "சூப்பர்றா" என்று கத்துவேன். சத்தம் அடங்கும் முன்னே வயிறு எரிய ஆரம்பித்திருக்கும்.

மார்க் ஐந்து. எப்படி ஆடினாலும் ஐந்து. எப்போதாவது ஐந்தரை. 'இன்னும் நிதானம் தேவை' என்று ஒரு வரி.

ஒருநாள் மார்க்கெட்டுக்குக் கீதாவோடு போயிருந்தேன். ராஜவேலின் அம்மா அஞ்சலை அங்கேதான் மீன் விற்பார். கூடைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா தம்பி. நீ எழுதுறத எல்லாம் பக்கத்து வூட்டுப் பொண்ணு எனக்குப் படிச்சுக் காட்டும். உன்கிட்டதான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அஞ்சுன்னா பாஸா, ஃபெயிலா தம்பி?"

"பாஸ்தாம்மா" என்றேன்.

"அப்ப சரி" என்று அவர் நிம்மதியாகச் சங்கரா மீனை நிறுத்துக் கொடுத்தார். நிறுத்த பிறகு மேலே இரண்டு மீன் போட்டார். "நம்ம புள்ளைக்குக் கூட்டாளி நீ."

அதே மாதம் டிவியில் ராஜவேலின் பேட்டி வந்தது. உங்களுக்கு யார் முன்மாதிரி என்று கேட்டார்கள். ஏதாவது வெளிநாட்டுப் பெயர் சொல்வான் என்று நினைத்தேன். "எங்க ஊர்ல பாஸ்கர் அண்ணான்னு ஒருத்தர். அவரு ஆடறதப் பாத்துதான் லெஃப்ட் பேக் ஆடக் கத்துக்கிட்டேன். இப்ப ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு" என்றான்.

கீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எல்லோருக்கும் அனுப்பினான். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கடைசி வாக்கியம் மட்டும் காதிலேயே நின்றுகொண்டது. இப்ப ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. அவன் அன்பாகச் சொன்னதை நான் குத்தலாகக் கேட்டேன். அந்த வாரம் அவனுக்கு நாலரை போட்டேன்.

சேம் சைடு

அரை இறுதி. சிதம்பரத்தில் மச்சான் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் ஆட்டத்தைப் போட்டான். முப்பது பேர் இருந்தோம். கோபுரத்துப் பக்கமிருந்து காற்று வரும்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் நெளிந்தார்கள். கீதா கீழேயிருந்து சுண்டல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சமநிலை. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். கோச் கையைக் காட்ட, ராஜவேல் இடது ஓரமாக முன்னேறினான். நடுக்களத்தில் எங்கள் செல்லப்பிள்ளை ஒருவர் உண்டு, வெளிநாட்டுக்காரர். அவருக்காகவே பாட்டுக் கட்டியிருந்தான் மச்சான். அவர் காலிலிருந்து பந்தை எதிரணி பிடுங்கியது. பிடுங்கப்பட்டவர் இடுப்பில் கை வைத்து அங்கேயே நின்றார். ராஜவேல் விட்டுவிட்டு வந்த இடம் திறந்து கிடந்தது.

அவன் திரும்பி ஓடினான். பாதி மைதானம். நான் பார்த்த எத்தனையோ ஓட்டங்களில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கோலுக்கு முன்னால் எட்டிப் பிடித்து, சறுக்கிக் காலை நீட்டினான். பந்து அவன் காலில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போயிற்று.

சேம் சைடு கோல். தோற்றோம்.

டிவியில் திரும்பத் திரும்பக் கடைசித் துண்டை மட்டும் காட்டினார்கள். நீட்டிய கால், உள்ளே போகும் பந்து, புல்லில் முகம் புதைத்துக் கிடக்கும் ராஜவேல். மாடியில் எவனோ கெட்ட வார்த்தையில் கத்தினான். மச்சான் திரையாகக் கட்டிய வேட்டியை அவிழ்த்தான்.

தப்பு யாருடையது என்று அந்த மாடியில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஓரத்தில் ஓடியவன் நான்தான். மற்றவர்கள் கடைசி இரண்டு நொடியைப் பார்த்தார்கள். நான் இடுப்பில் கை வைத்து நின்றவரைப் பார்த்தேன்.

"மாமா, மார்க் போடுங்க" என்றான் மச்சான்.

ராஜவேலுக்கு இரண்டு போட்டேன். 'ஒரே ஒரு கால் முழு சீசனையும் கவிழ்த்துவிட்டது' என்று எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் அதுவரை எதுவும் அப்படிப் பரவியதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் பகிர்ந்திருந்தார்கள். என் வரியை ராஜவேலின் படத்தின் மேல் போட்டுக் கேலிப் படம் செய்திருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் எழுதியதை அத்தனை பேர் படித்தது அதுதான் முதல் தடவை. கடைக்கு வந்தவர்கள் கை கொடுத்தார்கள். அந்த ஒரு நாள் முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைத்தால் இவ்வளவு எழுதியதற்கு அர்த்தம் இல்லை.

கீதா கேட்டது

மூன்றாம் நாள் கீதா மார்க்கெட்டிலிருந்து வெறும் பையோடு வந்தாள்.

"அஞ்சலை அம்மா ரெண்டு நாளா கடை போடலியாம். எவனோ மீன் வாங்குற மாதிரி வந்து, 'உன் புள்ள எங்கள வித்துட்டான்'னு கூடைய எட்டி ஒதச்சிட்டானாம்."

நான் போனில் அந்தக் கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனா இத நீங்க மூணு நாளா பாத்துக்கிட்டே இருக்கீங்க. மத்தவங்க ஒரு தடவ பாத்துட்டுத் திட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க எத தேடுறீங்க?"

"தேடலை."

"அந்தப் பையன் மேல தப்பு இல்லியா?"

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. வெறுமனே கேட்டாள். அதுதான் என்னை உடைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பில் கை வைத்தவரை, ஐந்து மார்க்கை, நேர்மை ரசிகனை, திட்டக்குடி ஐஸ் கட்டியை.

கீதா மார்க்கெட் பையை மடித்து வைத்தாள். பிறகு, "அவுங்க போட்ட மீனயெல்லாம் நாம தின்னுருக்கோம்" என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

அன்றே எழுதினேன். முழு வீடியோவையும் வெட்டிப் போட்டு, எந்த இடத்தில் யார் நின்றார், யார் ஓடினார் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். 'நான் போட்ட மார்க் தவறு. ராஜவேல் ஓடியிருக்காவிட்டால் அந்தக் கோலைத் தடுக்க ஆளே இல்லை. அவருக்கு எட்டு' என்று எழுதினேன். அதை யாரும் பகிரவில்லை. மச்சான் போனில் கொதித்தான்.

"அன்னிக்கு ரெண்டு, இன்னிக்கு எட்டா? என்னா மாமா, பரிச்சப் பேப்பரா இது, மறுகூட்டல் போடுறதுக்கு?"

சோனாங்குப்பம்

ராஜவேல் ஊருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு சாயங்காலம் போனேன். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டேன். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தான். என்னைப் பார்த்ததும் காலை எடுத்து அந்த நாற்காலியைத் தள்ளினான்.

"ஒக்காருங்கண்ணா."

உட்கார்ந்தேன்.

"அந்த முட்டி மேட்டர எழுதுனது நான்தான்" என்றேன்.

"தெரியும்ண்ணா."

"எப்ப?"

"அன்னிக்கே. உங்கள விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மூணு வருஷம் ஒப்பந்தம்னுதான் மொதல்ல சொன்னாங்க. அதப் படிச்சிட்டு ஸ்கேன் எடுத்தாங்க. அப்பறம் ஒரு வருஷம்னு மாத்திட்டாங்க. அந்த ஒரு வருஷமும் முடிஞ்சிடுச்சு. இனிமே வேணாம்னுட்டாங்க."

"ராஜவேலு…"

"நீங்க எழுதுனது பொய்யில்லண்ணா. வீங்குறது நெசம். ஆனா நான் உங்கள நம்பிச் சொன்னேன்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"தெரிஞ்சும் டிவியில எம்பேர ஏன் சொன்ன?"

அவன் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தான். "கத்துக்கிட்டது உங்களப் பாத்துதானே? அத எப்படிண்ணா மாத்திச் சொல்றது?"

அஞ்சலை அம்மா டீ கொண்டுவந்தார். முகம் வாடியிருந்தது. "எட்டுன்னு எழுதியிருக்கியாமே தம்பி. பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. நீ ஒருத்தன்தான் எம்புள்ளைக்காகப் பேசுன" என்றார். டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

கிளம்பும்போது ராஜவேல் தெருமுனை வரை வந்தான். "அந்தப் பேர்ல எழுதுனது நீங்கன்னு வெளிய எங்கயும் சொல்லாதீங்கண்ணா. அம்மாவுக்கு யாராச்சும் படிச்சுக் காட்டிடுவாங்க" என்றான். கை கொடுக்கவில்லை. நானும் நீட்டவில்லை.

மச்சானிடம் மட்டும் சொன்னேன். அவன் அன்றே என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டான். அக்கா வீட்டுக்கு வந்தால் என்னிடம் "சாப்பிட்டீங்களா" என்பதோடு சரி. ஏறத்தாழ ஒரு வருஷம் அப்படிப் போனது.

ராஜவேலுக்கும் அந்த வருஷம் வீணாய்ப் போயிற்று. எந்த அணியும் எடுக்கவில்லை. இரண்டாம் டிவிஷனில் எங்கோ தூரத்தில் ஆடினான். அதற்கடுத்த வருஷம்தான் லீக்கிலேயே கிழக்கு மாநிலத்து அணி ஒன்று கூப்பிட்டது.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியபோது அவனுக்குப் போன் செய்து, இதை எழுதலாமா என்று கேட்டேன். "அம்மாகிட்ட நானே சொல்லிட்டேண்ணா. எழுதுங்க" என்றான். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்திருந்தாங்க." இப்போது கீதா போனால் மீன் எடை சரியாக இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் விழுவதில்லை.

பதினைந்தாவது வரிசை

போன மாதம் ராஜவேலின் அணி சென்னைக்கு ஆட வந்தது. மச்சான் மூன்று டிக்கெட் வாங்கியிருந்தான். மூன்றாவது யாருக்கு என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கீதாதான், "சட்டைய மாட்டுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

பதினைந்தாவது வரிசை. எங்களைச் சுற்றி எல்லோரும் எங்கள் அணியின் சட்டை. ராஜவேலின் காலுக்குப் பந்து போகும்போதெல்லாம் "ஓஓஓ" என்று ஊளையிட்டார்கள். அரை இறுதியை யாரும் மறக்கவில்லை. அவன் எங்களுக்கு நேர் எதிரே, கோடு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து வந்தது. அவன் அதை நிறுத்தவில்லை. ஓட்டத்திலேயே இடது காலை வீசினான். பந்து எல்லோர் தலைக்கும் மேலே வளைந்து போய், சரியாக ஒருவன் நெற்றியில் இறங்கியது. வலை ஆடியது.

எனக்கு அந்தக் கால் வேண்டும் என்று தோன்றியது. எப்போதும் தோன்றுவதுதான். பொறாமை போய்விட்டது என்று எழுதி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. அது அங்கேயே, வழக்கமான இடத்திலேயே எரிந்தது. ஆனால் அந்தப் பந்து காற்றில் இருந்தபோது, அது வெளியே போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் அடித்த பந்து ஒவ்வொன்றையும் நான் மனதால் வெளியே தள்ளியிருக்கிறேன். இதைத் தள்ளவில்லை.

அரங்கமே அமைதியாகிவிட்டது. மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவன், மெல்ல என் பக்கம் திரும்பினான்.

"என்னா மாமா, நம்மாளுங்க கோல் வாங்கிக்கிட்டு நிக்கறானுங்க, நீங்க சிரிக்கறீங்க?"

நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.